படிகமா, கண்ணாடியா? வீட்டிலேயே பிரித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

கோயில் வாசல் கடைகளில் ஸ்படிக மாலைக்குப் பேரம் பேசுகிறவர்கள் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: "அசல்தானே, கண்ணாடி இல்லையே?" பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் படிகத் திண்மங்கள், படிக வடிவமற்ற திண்மங்கள் என்று நடுவில் கோடு போட்டு அட்டவணை எழுதினோமே, அந்தப் பாடத்தின் சாரமும் இந்தக் கேள்விதான். ஸ்படிகம் என்பது குவார்ட்ஸ். சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது, அதாவது சிலிக்கா. ஜன்னல் கண்ணாடியிலும் பெரும்பங்கு சிலிக்காதான். மணலோடு சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கினால் கண்ணாடி. சரக்கு ஏறத்தாழ ஒன்று, ஆனால் ஒன்று படிகம், மற்றது இல்லை.

அட்டவணையை மனப்பாடம் செய்தால் தேர்வில் மதிப்பெண் வரும், வித்தியாசம் கைக்கு வராது. அதனால் இங்கே எல்லாவற்றையும் செய்து பார்க்கிற மாதிரியே சொல்கிறேன். தேவைப்படுபவை: கல்லுப்பு, சர்க்கரை, ஓர் எலுமிச்சம்பழம், ஐஸ் கட்டி, கைலென்ஸ், எல்சிடி திரை உள்ள மடிக்கணினி, போலராய்டு கூலிங் கிளாஸ், 0.1 கிராம் வரை காட்டும் சின்ன எடைக்கருவி. எல்லாம் ஒரே நாளில் கிடைக்க வேண்டும் என்றில்லை. இருப்பதை வைத்துத் தொடங்குங்கள்.

தொடங்கும் முன்: உள்ளே என்ன நடக்கிறது?

கல்லுப்பில் ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள் இருக்கும். ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் அதேபோல ஆறு சோடியம். இந்த அமைப்பின் ஒரு கட்டம் 0.564 நானோமீட்டர் அகலம். அப்படியென்றால் ஒரே ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் அது 17 லட்சம் தடவைக்கு மேல் மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. புள்ளிக் கோலத்தில் ஒரு மூலையைப் பார்த்தாலே மறு மூலையில் புள்ளி எங்கே விழும் என்று சொல்லிவிடலாம் இல்லையா, படிகத்திலும் அப்படிச் சொல்லலாம்.

கண்ணாடியை "ஒழுங்கற்றது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். குவார்ட்ஸில் ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் இருப்பது போலவே கண்ணாடியிலும் நான்கு ஆக்சிஜன் இருக்கின்றன, கிட்டத்தட்ட அதே தூரத்தில். நடுவில் ஒரு சிலிக்கான், நான்கு மூலையிலும் ஆக்சிஜன் என்ற இந்த அமைப்புக்கு நான்குமுகி என்று பெயர். ஒரு நான்குமுகி அடுத்த நான்குமுகியோடு சேரும் கோணம்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்தச் சிறு சிறு மாற்றங்கள் சேர்ந்து, கொஞ்ச தூரம் தள்ளிப் போனால் அடுத்த அணு எங்கே இருக்கும் என்று சொல்லவே முடியாமல் போகிறது. கிட்டத்தில் ஒழுங்கு உண்டு, தொலைவில் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் சோதனைகள் எல்லாம் தாமாகவே புரியும்.

இந்தத் தொலைதூர ஒழுங்கு வெறும் அழகுக்கானது அல்ல. குவார்ட்ஸை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். இந்தப் பண்பைச் சில படிகங்களில் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880 இல் கண்டுபிடித்தார்கள். கைக்கடிகாரத்தில் விநாடிக்கு 32,768 தடவை அதிர்ந்து நேரம் காட்டுவது ஒரு துளி குவார்ட்ஸ் படிகம்தான். அதே சிலிக்காவை உருக்கிக் கண்ணாடியாக்கி அந்த இடத்தில் வைத்தால் கடிகாரம் ஓடாது. அணுக்கள் அவையே. அடுக்கு கலைந்ததும் பண்பு போய்விட்டது.

படி 1: லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஆனால் வெளி உருவத்தை நம்பாதீர்கள்

கறுப்புத் தாளில் கொஞ்சம் கல்லுப்பைப் பரப்பி லென்ஸ் வழியே பாருங்கள். உப்பளப் பாத்தியில் கடல்நீர் மெல்ல வற்றும்போது பிறந்த படிகங்கள் அவை. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தாலும் செங்கோண மூலைகளும் தட்டையான முகங்களும் அங்கங்கே தெரியும். சிலவற்றின் முகத்தில் படிக்கட்டுப் போலக் குழிந்த சதுரங்களும் இருக்கும். பக்கத்தில் சர்க்கரையைப் போட்டால் அதிலும் தட்டையான முகங்கள் உண்டு, ஆனால் கனசதுரம் இல்லை, சாய்ந்த கோணங்கள்.

இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். முகம் இருந்தால் படிகம், இல்லாவிட்டால் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஸ்படிக மணி உருண்டையாக இருக்கும், ஆனாலும் படிகம், ஏனென்றால் தேய்த்து உருட்டியது வெளியைத்தான். பட்டை தீட்டிய கண்ணாடிக் கோப்பை பத்துப் பக்கமும் மின்னும், "கிரிஸ்டல்" என்ற பெயரில்கூட விற்பார்கள். உள்ளே அது ஈயமோ வேறு உலோக ஆக்சைடோ சேர்த்த கண்ணாடிதான்.

உலோகங்கள் இதைவிடவும் ஏமாற்றும். இரும்பு, செம்பு, பித்தளை எல்லாமே படிகத் திண்மங்கள் என்றால் பலர் நம்புவதில்லை. துத்தநாகம் பூசிய பழைய ஜிஐ வாளியையோ கூரைத் தகட்டையோ வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பனிப்பூ மாதிரித் திட்டுத் திட்டாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாயலில் பளபளக்கும். அந்தத் திட்டு ஒவ்வொன்றும் தனித்தனித் துத்தநாகப் படிகம். அடுத்தடுத்த திட்டுகளில் அடுக்கின் திசை வேறு என்பதால் ஒளியைத் திருப்பும் விதமும் வேறு. இன்று வரும் தகடுகள் பலவற்றில் இந்தப் பூ தெரியாதபடி செய்துவிடுகிறார்கள், அதனால் பழசாகத் தேடுங்கள். மொட்டை மாடி சூரியத் தகடுகளிலும் இதைப் பார்க்கலாம். நீலத்தில் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பல படிகம், ஒரே சீரான கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் ஒற்றைப் படிகம். சின்னக் கால்குலேட்டரின் தலையில் பழுப்பாக ஒரு பட்டை இருக்குமே, அது படிக வடிவமற்ற சிலிக்கான்.

படி 2: உடைத்துப் பாருங்கள்

கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பொருளைத் துணியில் சுற்றி, பிறகுதான் சுத்தியலை எடுக்க வேண்டும். கல்லுப்பில் தெளிவான ஒரு துண்டைப் பொறுக்கி, அதன் ஒரு பக்கத்துக்கு இணையாகக் கத்தி முனையை வைத்து மெல்லத் தட்டினால் தட்டையாகவே பிளக்கும். பிளந்த துண்டிலும் செங்கோணம்தான். அடுக்கு வரிசைகளுக்கு நடுவே பிணைப்பு எங்கே பலவீனமோ அங்கே பிளவு ஓடுகிறது.

உடைந்த பாட்டில் துண்டின் விளிம்பைத் தொடாமல் லென்ஸில் பாருங்கள். தட்டையான முகம் எங்கும் கிடையாது. வளைந்த பரப்பு, அதில் அலையலையாக மெல்லிய வரிகள். பிளவுக்கு வழிகாட்ட உள்ளே வரிசை ஏதும் இல்லாததால் அது தன் போக்கில் வளைந்து போகிறது.

ஒரு விலக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள். குவார்ட்ஸ் படிகம்தான், ஆனால் உடைந்தால் கண்ணாடி மாதிரியே வளைந்து உடையும். அதன் பிணைப்புகள் எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே வலிமை. ஆகையால் உடைந்த முகத்தை வைத்து ஸ்படிகத்தை முடிவு செய்ய முடியாது. அட்டவணைகளில் இந்த விலக்கைப் போடாமல் விடுவது எனக்கு எப்போதுமே குறையாகப் படும்.

படி 3: சூடாக்கிப் பாருங்கள்

ஐஸை நொறுக்கி ஒரு டம்ளரில் போட்டு, வெப்பமானியைச் செருகிக் கிளறிக்கொண்டே இருங்கள். அளவு 0 டிகிரிக்கு வந்து, கடைசிச் சில்லு கரையும் வரை அங்கேயே நிற்கும். உள்ளே போகும் வெப்பமெல்லாம் அடுக்கைக் கலைக்கவே செலவாகிறது. எல்லா மூலக்கூறுகளும் ஒரே மாதிரி பிணைக்கப்பட்டிருப்பதால் எல்லாம் ஒரே வெப்பநிலையில் கழன்றுகொள்கின்றன. உப்புக்கு அந்த வெப்பநிலை 801 டிகிரி செல்சியஸ்.

கண்ணாடிக்கு இப்படி ஒரு புள்ளி கிடையாது. சாதாரண ஜன்னல் கண்ணாடி 500 டிகிரியைத் தாண்டியதும் மெல்ல இளகத் தொடங்கும், 700 டிகிரியை ஒட்டி தன் எடைக்கே தொய்யும், 1000 டிகிரி வாக்கில் கெட்டிப் பாகு பதத்துக்கு வரும். ஊதுகுழலில் ஊதிப் பாட்டில் செய்வதும், பிரோசாபாத்தில் கம்பியாக இழுத்து வளையல் சுற்றுவதும் இந்த நீண்ட இளகல் இருப்பதால்தான் முடிகிறது. உப்பையோ ஐஸையோ அப்படி இழுக்க முடியாது. ஒரு கணம் கல், மறுகணம் தண்ணீர்.

சரி, அப்படியானால் கண்ணாடி வீட்டு வெப்பத்திலும் மெல்ல ஒழுகுமா? பழைய ஐரோப்பியத் தேவாலய ஜன்னல்களில் அடிப்பக்கம் தடித்திருப்பதைக் காட்டி அப்படிச் சொல்வார்கள். அது தவறு. அந்தக் காலத்தில் தகடு செய்த முறையிலேயே தடிமன் சீராக வராது. உண்மையில் ஒழுகுவதைப் பார்க்க வேண்டுமென்றால் நிலக்கீலைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927 இல் அதைப் புனலில் ஊற்றி, 1930 இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். சுத்தியலால் அடித்தால் சில்லாக உடையும் அந்தப் பொருளின் ஒன்பதாவது சொட்டு விழ 2014 ஆகிவிட்டது.

படி 4: ஒரே சர்க்கரையை இரண்டாகச் செய்யுங்கள்

எனக்குப் பிடித்த படி இது. ஒரே டப்பாச் சர்க்கரையிலிருந்து படிகமும் கண்ணாடியும் செய்து அருகருகே வைத்துவிடலாம்.

முதலில் படிகம். ஒரு கப் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூன்று கப் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு முழுதும் கரையுங்கள். ஒரு நூலை நனைத்து, சர்க்கரையில் புரட்டி, நன்றாகக் காயவிடுங்கள். பாகு ஆறியதும் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, நூலை அதன் நடுவில் பக்கமோ அடியோ தொடாமல் தொங்கவிட்டு, வாயைத் துணியால் மூடி அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் நூலில் கற்கண்டு கட்டும். பதநீரைக் காய்ச்சி நூல் கட்டிய பாத்திரத்தில் வாரக்கணக்கில் விட்டுப் பனங்கற்கண்டு எடுப்பதும் இதே கணக்குத்தான். மூலக்கூறுகளுக்கு இடம் தேடிப் பொருந்த அவகாசம் கிடைக்கிறது.

அடுத்து கண்ணாடி. ஒரு கப் சர்க்கரை, அரை கப் தண்ணீர், அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. சர்க்கரை கரைந்த பிறகு கரண்டியை உள்ளே விடவே கூடாது. மிதமான தீயில் 150 டிகிரிக்குச் சற்று மேல் வரை விடுங்கள். வெப்பமானி இல்லையா, கடலை மிட்டாய்க்குப் பார்க்கும் பதம்தான்: ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும். உடனே நெய் தடவிய எவர்சில்வர் தட்டில் மெல்லியதாக ஊற்றுங்கள். இந்தப் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். ஆறியதும் மறுபக்கம் தெரியும் மெல்லிய தகடு கிடைக்கும். இது சர்க்கரைக் கண்ணாடி. ஆறும்போது பாகு அவ்வளவு வேகமாகக் கெட்டிப்பட்டது, அடுக்கிக்கொள்ள மூலக்கூறுகளுக்கு நேரமே இல்லை.

கிளறினால் பாகு பூத்துவிடும், எலுமிச்சை விட்டால் பூக்காது என்று சமையல் தெரிந்தவர்கள் சொல்வதன் காரணமும் இங்கேயே இருக்கிறது. பூப்பது என்பது படிகமாவது. கிளறும்போது முதல் படிக விதைகள் தோன்றிவிடுகின்றன. எலுமிச்சையின் அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என உடைக்கிறது. அளவில் வேறான இந்த மூலக்கூறுகள் நடுவே புகுந்து அடுக்கு சேரவிடாமல் தடுக்கின்றன.

இரண்டையும் திறந்த தட்டில் ஒரு நாள் விட்டுவிட்டு வாருங்கள். கற்கண்டு அப்படியே இருக்கும். சர்க்கரைக் கண்ணாடி ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும், சில நாளில் மேலே வெண்மையாகப் பூக்கவும் செய்யலாம். படிக வடிவமற்ற நிலையில் ஆற்றல் கூடுதல். சந்தர்ப்பம் கிடைத்தால் அது படிகத்தை நோக்கித்தான் போகும், ஈரம் அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுக்கிறது. பஞ்சுமிட்டாய் மழைநாளில் சுருங்கிப்போவதும் இதனால்தான். மருந்துக் கம்பெனிகளுக்கு இது பெரிய விஷயம். தண்ணீரில் எளிதில் கரையாத சில மருந்துகளைப் படிக வடிவமற்ற தூளாகச் செய்தால் உடம்பில் வேகமாகக் கரையும், ஆனால் அலமாரியில் இருக்கும்போதே படிகமாக மாறிவிட்டால் அந்தப் பலன் போய்விடும். மாத்திரை டப்பாவுக்குள் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் படிக வடிவமற்ற சிலிக்காதான்.

வேகம்தான் விதியை முடிவு செய்கிறது என்பது பாறைக்கும் பொருந்தும். பூமிக்கடியில் மெல்ல ஆறிய குழம்பு கிரானைட்டாகிறது. அதில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா மணிகளைத் தனித்தனியாக எண்ணலாம். ஏறக்குறைய அதே சேர்க்கை கொண்ட குழம்பு எரிமலை வாயில் சட்டென்று ஆறினால் அப்சிடியன் என்ற கரிய இயற்கைக் கண்ணாடி. உலோகத்தை இப்படிப் படிகமாகாமல் உறையவைக்கவோ விநாடிக்குப் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்விக்க வேண்டியிருந்தது. 1960 இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் போல் துவேயின் குழு தங்கம், சிலிக்கான் கலவையை அப்படி உறையவைத்து முதல் உலோகக் கண்ணாடியைக் காட்டியது. இன்று இரும்பைப் பிரதானமாகக் கொண்ட அத்தகைய மெல்லிய நாடாக்கள் மின்மாற்றிகளின் உள்ளகத்தில் சுற்றப்பட்டு மின் இழப்பைக் குறைக்கின்றன.

படி 5: ஒளியைக் கேளுங்கள்

மடிக்கணினித் திரையை முழு வெள்ளையாக்குங்கள். திரையின் ஒளி ஒரே திசையில் அதிர்கிறது, போலராய்டும் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டுமே விடும். அதனால் போலராய்டு கூலிங் கிளாஸை முன்னே பிடித்து மெல்லச் சுழற்றினால் ஒரு நிலையில் திரை கறுத்துவிடும். கறுக்கவில்லை என்றால் அது போலராய்டு இல்லை, வேறு தேடுங்கள். கறுத்த நிலையில் கையை நிறுத்தி, திரைக்கும் கிளாஸுக்கும் நடுவே பொருளை நுழையுங்கள்.

ஒரு கண்ணாடிச் சில்லில் பத்துச் சர்க்கரை மணிகளைத் தூவிக் காட்டுங்கள். கறுப்புப் பின்னணியில் அவை பளிச்சென்று எரியும், மெல்லிய ஓரங்களில் நிறமும் தெரியும். சில்லைச் சுழற்றினால் ஒரு மணி அணையும், இன்னொன்று எரியும். படிகத்தில் ஒளியின் வேகம் திசைக்குத் திசை மாறுவதால் வரும் விளைவு இது. பாடநூல் திசையொப்புப் பண்பின்மை என்று சொல்வது இதைத்தான். இப்போது சர்க்கரைக் கண்ணாடித் தகட்டைக் காட்டுங்கள். கறுப்பு அப்படியே இருக்கும், எல்லாத் திசையும் அதற்கு ஒன்றே.

இங்கேயும் இரண்டு விலக்குகள் உண்டு. உப்பு படிகமாக இருந்தும் இருண்டே கிடக்கும், கனசதுர அடுக்கில் ஒளிக்கு எல்லாத் திசையும் சமம். பிளாஸ்டிக் அளவுகோலோ வானவில்லாகத் தெரியும். வார்க்கும்போது உள்ளே தங்கிய இறுக்கம் அப்படிக் காட்டுகிறது. கார் ஜன்னலில் தெரியும் புள்ளித் திட்டுகளும் அவ்வாறே. ஆகவே ஒரு சோதனையை வைத்து முடிவு சொல்லாதீர்கள், இரண்டு மூன்று ஒத்துப்போக வேண்டும்.

படி 6: இனி ஸ்படிகம்

கையில் எடுத்துக் கன்னத்தில் வையுங்கள். குவார்ட்ஸ் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால் நன்றாகச் சில்லிடும், கையில் வைத்திருந்து கீழே வைத்தாலும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். இது முதல் குறிப்பு மட்டுமே. பிறகு லென்ஸில் பாருங்கள். உருண்டைக் காற்றுக்குமிழ் இருந்தால் கண்ணாடி என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இயற்கை ஸ்படிகத்தில் புகைத் திரை போன்ற மங்கலும் சன்ன ஊசிகளும் இருப்பது சகஜம். அதைக் குறை என்று ஒதுக்காதீர்கள்.

லிங்கமோ பெரிய உருண்டையோ என்றால் அடர்த்தி பாருங்கள். உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாதி டம்ளர் தண்ணீரை எடைக்கருவியில் வைத்து அளவைப் பூஜ்யமாக்கி, பொருளை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீரில் முழுக்குங்கள். கருவி காட்டும் கிராம்தான் பொருளின் கன அளவு, கன சென்டிமீட்டரில். 53 கிராம் லிங்கம் 20 என்று காட்டினால் அடர்த்தி 2.65, அது குவார்ட்ஸின் எண். 21.2 என்று காட்டினால் 2.5, சாதாரணக் கண்ணாடி. விடை 3 ஐத் தாண்டினால் ஈயக் கண்ணாடி, 1.2 என்றால் அக்ரிலிக் பிளாஸ்டிக். கம்பியும் வெள்ளிப் பூணும் உள்ள மாலைக்கு இந்தக் கணக்கு சரிவராது.

உருண்டைக்கு இன்னொரு நல்ல சோதனை உண்டு. வெள்ளைத் தாளில் மெல்லிய கோடு போட்டு, அதன் மேல் உருண்டையை வைத்து, நேர் மேலிருந்து பார்த்துக்கொண்டே உருட்டுங்கள். ஸ்படிகமானால் சில நிலைகளில் கோடு இரண்டாகத் தெரியும். கண்ணாடியில் எப்படி உருட்டினாலும் ஒன்றுதான். சின்ன மணிகளில் இந்த இரட்டைப் பிம்பம் தெரியாது, அவற்றைப் போலராய்டுக்கும் திரைக்கும் நடுவே பிடித்து எல்லாப் பக்கமும் திருப்புங்கள். ஏதோ ஒரு திசையில் நிற வளையங்கள் தோன்றினால் அது படிகம்.

கீறிப் பார்ப்பதைப் பூஜைப் பொருளில் செய்ய வேண்டாம். குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7, கண்ணாடிக்கு ஐந்தரை வாக்கில், ஆகவே ஸ்படிகம் பாட்டிலைக் கீறும் என்பது உண்மைதான். ஆனால் மேலே சொன்ன சோதனைகளே போதும், பொருளும் கெடாது.

இந்தச் சோதனைகள் எல்லாம் தேறினாலும் அது குவார்ட்ஸ் படிகம் என்று மட்டுமே சொல்லலாம். கடிகாரங்களுக்காக ஆலைகளில் உயர் அழுத்த நீரில் வளர்க்கும் செயற்கைக் குவார்ட்ஸிலும் அடுக்கு அதே அடுக்குத்தான், அதனால் எல்லாச் சோதனையிலும் அதே விடையே வரும். 1912 இல் மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் லாவேயின் யோசனைப்படி ஃபிரிட்ரிக், நிப்பிங் இருவரும் மயில்துத்தப் படிகத்தில் எக்ஸ் கதிரைச் செலுத்தித் தகட்டில் புள்ளிகள் விழுவதைக் கண்டார்கள். அன்று முதல் அடுக்கு உண்டா இல்லையா என்பதற்கு எக்ஸ் கதிர்தான் கடைசித் தீர்ப்பு. படிகம் கூர்மையான புள்ளிகளைத் தரும், கண்ணாடி மங்கலான வளையத்தைத் தரும். ஆனால் அந்தத் தீர்ப்பும் அடுக்கைப் பற்றியதுதான். மண்ணில் விளைந்ததா ஆலையில் வளர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால் கல்லை ரத்தினப் பரிசோதனைக்கூடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே உள்ளே சிக்கியிருக்கும் நுண்துகள்களையும் அகச்சிவப்பு நிறமாலையையும் பார்த்துச் சொல்வார்கள்.